அம்மாவின் ஒரே ஓட்டு

போன தேர்தலன்று எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது நாளாகத் தண்ணீர் வரவில்லை. லிஃப்டும் பாதி நாள் வேலை செய்யாது. இரண்டு வாளிகளோடு கீழே இறங்கி லோரித் தண்ணீருக்கு ஒரு வரிசையில் நின்றேன். அதை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு ஓட்டுப் போட இன்னொரு வரிசையில் நின்றேன். உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இங்கேதான் காலம் தள்ளுகிறீர்கள்; உங்கள் முழங்காலுக்கும் என் முழங்கால் வயதுதான். யார் வந்தாலும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று திட்டுவோம். திட்டிக்கொண்டே போய் வரிசையிலும் நிற்போம். நமக்கு நப்பாசை கொஞ்சம் அதிகம்.

சாயங்காலம் முடிவுகள் வரத் தொடங்கியதும் ஷா ஆலத்தில் இருக்கும் என் மகன் குடும்பக் குழுவில் தொகுதி தொகுதியாகப் போட்டுக்கொண்டே இருந்தான். "மா, நம்ம சீட்ல லீடிங் லா! பார்த்தீங்களா இல்லையா?" என்று குரல் பதிவு வேறு. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். அம்மாவுக்கு அரசியல் வெறுத்துவிட்டது என்று அவன் நினைக்கிறான். அப்படியில்லை. தேர்தல் முடிவு என்று கேட்டாலே நான் எழுந்து போய்விடுவேன், பள்ளியில் நாலாம் ஆண்டு படித்த காலத்திலிருந்து. அந்தத் தேர்தலில் எங்கள் வீட்டுக்கு நேர்ந்ததையும் அதில் என் பங்கு என்ன என்பதையும் இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கம்பத்தில், ஏழைகள் குடியிருப்பில், இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை, எட்டு வீட்டுக்கு ஒரே குழாய். ரயில் போகும்போது அலமாரியில் அடுக்கிய மங்குத் தட்டுகள் கிணுகிணுக்கும். அப்பா ஒரு டயர் கடையில் வேலை செய்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் கையில் ரப்பர் வாடை போகாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து தருவார். இன்றும் டயர் கடையைக் கடந்து போனால் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு அரசியல் என்றால் உயிர். எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார், போன முறை யார் தோற்றார் என்று மனப்பாடமாகச் சொல்வார். கடையில் யாராவது தப்பாகச் சொன்னால் டயரை உருட்டிக்கொண்டே திருத்துவார். ஆனால் அவருக்கு ஓட்டு இல்லை. காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர். பிறந்ததை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் அவரிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், அவ்வளவுதான். குடிமகன் இல்லை; குடிமகனுக்கு நீல ஐசி. வேலை செய்வதற்கே பெர்மிட் எடுக்க வேண்டும். துறைமுகக் கிடங்கில் இருந்த ஒரு மேலாளர் அவரிடம், "நீல ஐசியோட வா, மறுநாளே நிரந்தர வேலை" என்று சொல்லியிருந்தார். அப்பாவின் வாழ்க்கை முழுக்க அந்த நீல நிறத்துக்காகக் காத்துக் கிடந்தது.

அம்மாவிடம் நீல ஐசி இருந்தது. அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுதப் படிக்க வராது. எங்கள் வீட்டில் அரசியல் தெரிந்தவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவருக்கு அரசியல் தெரியாது.

குடியுரிமை விண்ணப்பத்துக்காக அப்பா எத்தனை முறை கோலாலம்பூருக்கு அலைந்தார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரு முறை என்னையும் அழைத்துப் போனார். பாரத்தில் இருக்கும் மலாயை நான் வாசித்துச் சொல்வேன் என்று நம்பிக்கை. காலையில் போன நாங்கள் மதியம்தான் கவுண்டரை அடைந்தோம். உள்ளே இருந்தவர் பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீ இங்கே பிறந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி யார் என்று கேட்டார். பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது என்றார் அப்பா. அப்படியானால் அடுத்த மாதம் வா என்று பாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அடுத்த மாதம் வந்தால் செத்தவர் எழுந்து வருவாரா என்று எனக்குப் புரியவில்லை.

அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வெயிலில் நடந்தோம். ஒரு கடையில் எனக்கு மட்டும் சிரப் தண்ணீர் வாங்கித் தந்தார். ரோஸ் நிறத்தில் கண்ணாடிக் கிளாஸ் நிறைய ஐஸ். நான் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"நான் பொறந்தத பார்த்த ஆள் வேணுமாம் பாப்பா. நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன், நானே பார்த்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

நானும் சிரித்தேன். அவர் சிரித்தபடியே முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வையைத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. எங்கள் கம்பத்தில் கட்சிக் கிளைக்கு ஒரு தலைவர் இருந்தார். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். இந்த வயதில் யாரோடும் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, அப்பாவின் தோளில் கை போட்டுப் பேசினார்.

"நம்ம ஆளு ஜெயிக்கட்டும் தம்பி. ஜெயிச்ச மறுநாளே அவர் கையெழுத்தோட உனக்கு லெட்டர். சாட்சி கீட்சி எவனும் கேக்க மாட்டான். ஆனா உன் வீட்டு ஓட்டு நமக்கு விழணும், சரியா?"

வீட்டு ஓட்டு என்பது அம்மாவின் ஒரே ஓட்டு. அன்று மாலையே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அப்பா ஓட்டுச் சீட்டு வரைந்தார். இரண்டு கட்டம், இரண்டு சின்னம். எந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லித் தந்தார்.

"பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு. கோட்டுக்கு வெளிய போகக் கூடாது. கை நடுங்கக் கூடாது, என்ன?"

"எனக்கு ஏங்க நடுங்குது? உங்களுக்குத்தான் நடுங்குது" என்றார் அம்மா.

இரண்டு பேரும் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்த கடைசிக் காலம் அது. அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு குறி போடுவார். அப்பா மார்க் போடுவார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். பத்து நாளில் அம்மாவுக்கு அந்தத் தாள் மனப்பாடமாகிவிட்டது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளில் எதை எழுதினாலும் உச்சியில் முதலில் பிள்ளையார் சுழி போட்டுவிடுவார். டயர் கடை ரசீதில் போடுவார், என் பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் போடுவார். அந்தப் பயிற்சிச் சீட்டுகள் ஒவ்வொன்றிலும் போட்டிருந்தார். அது அவருக்கே தெரியாது. கை தானாகப் போட்டது.

தேர்தலன்று அம்மா பச்சை நைலக்ஸ் சேலை கட்டி, தலைக்குக் குளித்து, ஐசியை மஞ்சள் துணியோடு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஓட்டுச்சாவடி எங்கள் பள்ளிக்கூடம்தான். அப்பாவும் நானும் வாசல்வரை போனோம். வாசலில் நின்ற போலீஸ்காரர் அப்பாவையும் உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு இல்லை, மனைவிக்குத்தான் என்று அப்பா மலாயில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். வாசலில் நிற்பதற்காக எதற்கு அந்தச் சட்டை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அம்மா வெளியே வந்தபோது முகம் பூரித்துப்போயிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பென்சில நூல்ல கட்டி வச்சிருக்காங்க. தாள வாங்கிப் பார்த்தேன், மேல சுழியக் காணோம். நம்மளையே போட விட்டிருக்காங்கபோலன்னு சுழிய நானே போட்டேன். அப்புறம் நீங்க சொன்ன கட்டத்துல குறி. கோட்டுக்கு வெளிய ஒரு இம்மி போகல."

அப்பா நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லாப் போட்டிருக்க" என்றார் அப்பா.

மதியம் அம்மா தூங்கியபோது அப்பா பின்கட்டில் உட்கார்ந்து அந்தப் பயிற்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. நான் வகுப்பில் கெட்டிக்காரி.

"சுழி போட்டா ஓட்டு செல்லாதாப்பா?"

"செல்லாதுன்னுதான் நினைக்கிறேன். தாள்ல வேற கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாதும்பாங்க." தாள்களை ஒன்றாக அடுக்கி மடித்தார். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் பாப்பா. யார் கிட்டயும் சொல்லாத. தப்பு என்னுது. நான்தானே வரைஞ்சு குடுத்தேன்."

சொல்ல மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை ரேடியோவில் முடிவு சொன்னார்கள். எங்கள் ஆள் தோற்றுவிட்டார். சில ஆயிரம் ஓட்டு வித்தியாசம் என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுப் பசியாறாமலே வேலைக்குப் போனார். அம்மா என்னை ரொட்டி வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினார்.

கடை வாசலில் தலைவரும் ஐந்தாறு ஆண்களும் டீ குடித்துக்கொண்டு, தோற்றதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் காலை வாரியது, யார் காசு வாங்கியது என்று சத்தமாகப் பேச்சு. கடைக்காரர் அங்கிள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும்போது தலைவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டு ஓட்டாவது ஒழுங்கா விழுந்துச்சா?"

இத்தனை பெரியவர்கள் தேடும் காரணம் என்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். என் மேல் யாரும் கோபப்படவில்லை, யாரும் மிரட்டவில்லை. தெரிந்ததைச் சொல்லிப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை.

"எங்கம்மா ஓட்டு செல்லாது அங்கிள். பிள்ளையார் சுழி போட்டுட்டாங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், டீ புரையேறும்வரை சிரித்தார்கள். கடைக்காரர் அங்கிள்கூடச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தனை பேரையும் சிரிக்க வைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மாலைக்குள் கம்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "அக்கா, சுழி போட்டீங்களே, சூடம் காட்டலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா பாதி வாளியோடு திரும்பி வந்தார். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலைவர் அதற்குள் டயர் கடைக்கே போய், "உன் வீட்டு ஒரு ஓட்ட உன்னால ஒழுங்கா போட வைக்க முடியல, உனக்கு லெட்டர் ஒரு கேடா? உன் மகளே சொல்லிச் சிரிக்குது லா" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருந்தார். இந்த வார்த்தைகள் அந்தக் கடையில் வேலை செய்த ஒருவர் சொல்லிப் பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தவை. தோற்றவர் கையெழுத்துக்கு மதிப்பு ஏது? கொடுக்க வழியில்லாத லெட்டருக்கு அந்த மனிதருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான் காலையிலேயே அவர் கையில் கொடுத்திருந்தேன்.

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"என் ஓட்டு செல்லாதா?"

அப்பா செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார்.

"சுழி போட்டத உங்க கிட்டயும் பாப்பா கிட்டயும்தான் சொன்னேன். ஊரே சிரிக்குது. யாருங்க சொன்னது?"

நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பென்சில் நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு மூச்சு அளவுதான் இருக்கும்.

"நான்தான். கடையில வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரைஞ்சு குடுத்ததும் நீங்க. சொல்லிச் சிரிக்க வச்சதும் நீங்க" என்றார். அழவில்லை. உள்ளே போய்ச் சாதத்தை இறக்கினார்.

அன்றோடு அம்மா அப்பாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். குழாயடியிலும் யாரோடும் வாய் கொடுக்கவில்லை. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. வேளாவேளைக்குச் சோறு இருக்கும், சட்டை துவைத்து மடித்து இருக்கும். பேச்சு மட்டும் என் வழியாக. "உங்கப்பா கிட்ட சொல்லு, பசியாற எடுத்து வச்சிருக்கு." "உங்கப்பா கிட்ட கேளு, ராத்திரிக்கு ரசம் போதுமான்னு." நான் இரண்டு எட்டு நடந்து போய் அதைச் சொல்வேன். அவர் பக்கத்து அறையில்தான் இருப்பார், எல்லாம் காதில் விழும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சரின்னு சொல்லு" என்பார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் பயம். பிறகு, ஆறிவிடும் என்ற நினைப்பு. அதற்கும் பிறகு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அப்பா ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்குச் சோறு பிசைந்து தருவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தேர்தலுக்குப் பதினோரு வருஷம் கழித்து, என் இருபத்தோராவது வயதில், அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சிவப்பு ஐசியோடுதான் போனார். துறைமுக வேலை கிடைக்கவே இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனது நான். அதில் குடியுரிமை என்ற இடத்தில், நிரந்தரவாசி என்று இருந்தது. போனவரை நிரந்தரவாசி என்று எழுதியிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சுழிக்குப் பிறகு அம்மா ஓட்டே போடவில்லை, அப்பா போன பிறகும். ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது சாவடிக்கு ஏற்றிப் போகக் காடி கொண்டுவந்து கூப்பிடுவார்கள். முழங்கால் வலி, தலைச்சுற்றல் என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்.

பிறகு நான் ஆசிரியையானேன். நம் நாட்டில் தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்குத்தான் வேலை. ஒரு முறை என்னை ஓட்டு எண்ணும் இடத்தில் போட்டார்கள். அங்கே ஒரு சீட்டு வந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, கட்டத்துக்குள் கச்சிதமாகப் பெருக்கல் குறி. நான் அதை அடுக்கில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். இது என்ன என்று பொறுப்பதிகாரி கேட்டார். எதையும் எழுதத் தொடங்கும் முன் எங்கள் ஆட்கள் போடும் சாமி அடையாளம் என்றேன். கட்சி முகவர்கள் இரண்டு நிமிஷம் வாதாடினார்கள். அதிகாரி சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, யாருக்குப் போட்டார் என்பது தெளிவாக இருக்கிறது, செல்லும் என்று அடுக்கில் வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். அப்போது அம்மா காஜாங்கில் எங்களோடு இருந்தார். என் மகனுக்கு ஆறு வயது. அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க ஓட்டும் செல்லியிருக்கும்மா. அன்னைக்கு உங்க ஓட்டு வீணாப் போயிருக்காது."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது. பிறகு அது மெல்ல மங்கியது.

"செல்லுற ஓட்டையா உங்கப்பா ஊர் பூரா சொல்லிச் சிரிச்சாரு?"

இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அப்பா சொல்லலம்மா. நான்தான் கடையில சொன்னேன். எனக்காக அவர் பழியை ஏத்துக்கிட்டாரு."

அம்மாவின் விரல்கள் நெத்திலியில் அப்படியே நின்றன. திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பதினோரு வருஷம்," என்றார். "ஒவ்வொரு வார்த்தையையும் உன் கிட்டதானேடி சொல்லி அனுப்பினேன்."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சமையல் முடியும்வரை உள்ளிருந்து குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் அம்மா வெளியே வந்து, என்னைக் கடந்து போய், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகனைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா கிட்ட சொல்லு, சோறு போட்டு வச்சிருக்கு."

அவன் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்து என்னிடம் சொன்னான். சரின்னு சொல்லு என்றேன்.